சாத்துக்குடித் தோலில் ஒரு நட்சத்திரம்

"திங்குற பழத்தை எதுக்கு டீச்சர் காயவச்சுத் தொங்க விடணும்?"

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. என் மேசைமேல் இரண்டு கிலோ சாத்துக்குடி இருந்தது. அதை வட்ட வட்டமாக நறுக்கி, உலர்த்தி, நூலில் கோத்து, கிறிஸ்துமஸுக்கு வகுப்பறைச் சன்னலில் தொங்கவிடலாம் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். நல்ல திட்டம் என்றே நினைத்திருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் வகுப்பில் சரிகைத் தாள், தெர்மாகோல் நட்சத்திரம், மினுமினுப்புத் தூள் எல்லாம் வந்து சேரும். விடுமுறைக்கு முந்தைய நாள் அவை அனைத்தும் துடைப்பத்தில் கூடி, பள்ளிக்குப் பின்புறம் ஒரு மூலைக்குப் போகும். யாராவது கொளுத்தினால் அந்தப் புகை பக்கத்துத் தெருவரை நாறும். அதற்கு மாற்றாக மண்ணில் மட்கிப் போகும் ஒன்றைச் செய்து காட்ட நினைத்தேன்.

அவள் அடுத்துச் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. "எங்க வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லன்னாதான் சாத்துக்குடி வாங்குவாங்க டீச்சர்."

நம் வகுப்புகளில் பாதிப் பிள்ளைகளின் வீட்டு நிலை இதுதான். அவர்கள் கண்முன் பழத்தை அழகுப் பொருளாக்குவது சரியா? அன்று என்னிடம் பதில் இல்லை. நறுக்குவதை நிறுத்திவிட்டு, "நாளைக்குச் செய்யலாம்" என்று பழங்களை அலமாரியில் வைத்தேன். இந்தக் கட்டுரையில் வரும் முறைகள் அந்த ஒரு நாள் யோசனைக்குப் பிறகு மாற்றிக்கொண்டவை.

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். ஐரோப்பாவில் டிசம்பர் மாதம் கடுங்குளிர். இலை உதிர்ந்திருக்கும், பூ கிடையாது. அங்கே வீட்டுக்குள் ஒரு பச்சை மரத்தை வைத்து அலங்கரிக்கும் பழக்கம் ஜெர்மானிய மொழி பேசும் பகுதிகளில் தொடங்கியது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1605ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு குறிப்பு, வீட்டுக் கூடத்தில் நிறுத்திய மரங்களில் வண்ணத்தாள் ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் மெல்லிய அப்பங்களையும் இனிப்புகளையும் தொங்கவிட்டதைச் சொல்கிறது. டிசம்பர் 24ஐ ஆதாம் ஏவாள் நாளாகவும் கொண்டாடியதால் ஆப்பிளுக்கு அந்த மரத்தில் தனி இடம் இருந்தது. ஜெர்மனியின் லவ்ஷா என்ற ஊரில் கண்ணாடி ஊதும் தொழிலாளர்கள் செய்த பளபளக்கும் உருண்டைகள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவின. இன்று நாம் பிளாஸ்டிக்கில் வாங்கும் சிவப்பு உருண்டைக்கும் அந்தப் பழைய ஆப்பிளுக்கும் தொடர்பு உண்டு. ஆரஞ்சு வடக்கு ஐரோப்பாவில் விளையாது. தெற்கிலிருந்து கப்பலில் வரும் விலையுயர்ந்த பண்டம் அது. குழந்தைக்கு ஒரு முழு ஆரஞ்சு கிடைப்பதே பெரிய பரிசாக இருந்த காலம் உண்டு.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. மரத்தில் தொங்கியதைக் கடைசியில் பிள்ளைகள் தின்றார்கள். ஸ்வீடன் நாட்டில் ஜனவரி 13 அன்று மரத்தைக் "கொள்ளையடிப்பது" என்றே ஒரு விழா இருக்கிறது. ஆடிப்பாடி, மரத்தில் மிச்சமிருக்கும் தின்பண்டங்களை எடுத்துக்கொண்டு, பிறகு மரத்தை வெளியே போட்டுவிடுவார்கள். ஆக, அவள் கேள்வி அந்த வழக்கத்துக்கு எதிரானது அன்று. தின்னத்தான் தொங்கவிட்டார்கள். மறுநாள் இதை வகுப்பில் சொன்னேன். பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம்: சுளை வயிற்றுக்கு, தோல் சன்னலுக்கு.

இரண்டு கிலோவில் 11 பழங்கள் இருந்தன. மூன்றை அறிவியல் சோதனைக்கு ஒதுக்கினோம். மீதி எட்டையும் உரித்தோம். பழத்துக்குப் பத்துச் சுளை என்று கணக்கிட்டால் 80 சுளை, வகுப்பில் 34 பேர், ஆளுக்கு இரண்டு, மீதி 12. உண்மையில் எண்ணியபோது எல்லாப் பழத்திலும் பத்து இல்லை, சிலவற்றில் ஒன்று கூடியும் குறைந்தும் இருந்தது. எனவே மீதியும் மாறியது. ஈவு, மீதி, சராசரி எல்லாம் நான் திட்டமிடாமலே வந்து நின்றன.

இனித் தோல். வகுத்தல் கணக்குக்குப் பிறகு எங்களிடம் எட்டுப் பழத்தின் தோல்தான் இருந்தது. ஆனால் தோலுக்குப் பஞ்சமே இல்லை, பேருந்து நிறுத்தத்துப் பழச்சாறு கடையில் நாள்தோறும் கூடை கூடையாகக் கொட்டுகிறார்கள். கேட்டால் கொடுப்பார்கள். காலையில் பிழிந்ததாக இருக்கட்டும். மாலைவரை கிடந்த தோலில் ஈ மொய்த்து, புளிப்பு நாற்றம் வந்துவிடும். பிழிந்த அரைக்கோளமாகக் கிடைக்கும் தோல் நல்லது. கத்தியால் பட்டை பட்டையாகச் சீவிய தோலில் பெரிய வடிவம் வெட்ட முடியாது. உப்பு கலந்த நீரில் கழுவி, உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வைக் கரண்டியால் வழித்துவிட வேண்டும். சவ்வும் சாறும் மிச்சமிருந்தால் எறும்பு வரும், பூஞ்சையும் பிடிக்கும்.

தோல் ஈரமாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். காய்ந்த பின் கத்தரிக்கோல் வளையும், தோல் வளையாது. அரைக்கோளத்தின் ஓரத்தில் நாலைந்து இடத்தில் சிறு வெட்டுப் போட்டால் பலகைமேல் தட்டையாகப் படியும். அட்டையில் நட்சத்திரம், பிறை, இலை, மீன் வடிவங்களை வெட்டிக்கொண்டு, தோலின் வெள்ளைப் பக்கத்தில் பேனாவால் வரைந்து பிள்ளைகளே வெட்டலாம். முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும். நூல் கோக்கும் துளையையும் அப்போதே போட்டுவிடுங்கள். காகிதத்தில் துளையிடும் பஞ்சிங் மிஷினே போதும். உலரும்போது துளை சுருங்கும் என்பதால் ஊசித் துளை போதாது. நான் முதல்முறை ஊசியால் குத்தினேன். மூன்றாம் நாள் பார்த்தால் பாதித் துளைகள் அடைந்துபோயிருந்தன.

வெட்டிய வடிவங்களை நேரே வெயிலில் போட்டால் அப்பளம் போலச் சுருண்டுவிடும். வெளியே இருக்கும் எண்ணெய்ப் பசையுள்ள மஞ்சள் படலமும் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற வெள்ளைப் பகுதியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால்தான் இந்த வளைவு. முதல் அரை நாள் பழைய நோட்டுப் புத்தகங்களுக்கு இடையில் வைத்து, மேலே ஒரு செங்கல் வைத்து அழுத்திவிட்டு, பிறகு முறத்தில் பரப்பி வெயிலில் வையுங்கள். நல்ல வெயிலானால் இரண்டு மூன்று நாளில் மரச்சில்லு போலாகிவிடும். தட்டினால் டக்கென்று ஓசை வரும். லேசான வளைவு இருந்தாலும் பாதகமில்லை. அந்த வளைவுதான் நட்சத்திரத்துக்கு உயிர் கொடுக்கிறது என்றான் ஒரு பையன். எனக்கும் அப்படியே தோன்றியது.

தோலை வெட்டும்போது கையெல்லாம் மணக்கும். தோலில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகள் உடைவதால் வருவது அது. அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்ற சேர்மம். ஊதிய பலூனுக்கு அருகில் தோலை மடக்கிப் பிழிந்தால் பலூன் வெடிக்கும். லிமோனீன் பலூனின் ரப்பரைக் கரைத்துவிடுகிறது. வகுப்பில் இதை ஒருமுறை செய்தால் அன்று முழுவதும் வேறு பாடம் நடக்காது, கடைசிப் பாடவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

இப்போது ஒதுக்கிவைத்த மூன்று பழங்களுக்கு வருவோம். வெயிலில் பிடித்தால் வண்ணக் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் வட்ட வில்லைகள் இவற்றில்தான் கிடைக்கும். கமலா ஆரஞ்சு இதற்கு ஒத்துவராது. தோல் தளர்வாக இருப்பதால் வில்லை போடும்போதே தோல் தனி, சுளை தனி என்று கழன்றுவிடும். சாத்துக்குடியும் எலுமிச்சையும் கச்சிதம். (எலுமிச்சை வில்லையை நூலில் கோத்ததும், "இது கடை வாசல்ல கட்டுற திருஷ்டிக் கயிறு மாதிரி இருக்கு டீச்சர், மிளகாயையும் சேத்துக் கட்டலாமா?" என்றார்கள். சேர்த்துக் கட்டினோம். சிவப்பு மிளகாயும் மஞ்சள் வில்லையும் அழகாகவே இருந்தன.)

வில்லையின் கனம் அரை சென்டிமீட்டர் அளவில் ஒரே சீராக இருக்க வேண்டும். கத்தி வேலை ஆசிரியருடையது. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் மெலிந்த பக்கம் கருகும்போது தடித்த பக்கம் ஈரமாகவே இருக்கும். கனம் இரண்டு மடங்கானால் உலர இரண்டு மடங்கு நேரம் போதாது, அதைவிடப் பல மணி நேரம் கூடும். உள்ளே இருக்கும் நீர் மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்தால்தானே ஆவியாக முடியும். விதையை ஊக்கால் எடுத்துவிட்டு, பழைய துணியால் இருபுறமும் ஒற்றி எடுங்கள்.

நம் அம்மாக்கள் வற்றல் போடுவது போல வேட்டியில் பரப்பலாம் என்று நினைக்காதீர்கள். மோர்மிளகாய்க்கும் சுண்டைக்காய்க்கும் வேட்டி சரி. சர்க்கரை நிறைந்த வில்லை துணியோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தால் சுளை துணியில், வளையம் கையில். கொசுவலைத் துண்டை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, இரண்டு செங்கல்மேல் வைத்துப் பரப்புங்கள். காற்று மேலும் கீழும் போகும். மேலே இன்னொரு வலை, ஈக்காக. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். மாலையில் மறவாமல் உள்ளே எடுத்துவிடுங்கள். பனி பட்டால் பகலெல்லாம் போனது திரும்பி வந்துவிடும்.

உப்புத் தடவினால் சீக்கிரம் வற்றுமே என்று ஒரு பிள்ளை கேட்டான். கேள்வி சரிதான். உப்பு சவ்வூடு பரவல் மூலம் நீரை வெளியே இழுக்கும், ஊறுகாய்க்கு அதைத்தான் செய்கிறோம். ஆனால் அதே உப்பு பின்னர் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். தின்பதற்கான வற்றலில் உப்பு சேரலாம். தொங்கவிடும் வில்லையில் கூடாது.

மழைக்காலம் என்றதும் என் தோல்வியைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பள்ளி நாகை மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை நீளும் பகுதி. முதல் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் வில்லைகளைப் பரப்பினேன். ஒன்றரை நாள் வெயில், பிறகு மூன்று நாள் விடாத மழை. வகுப்பறை மூலையில் விசிறிக்கடியில் வைத்துப் பார்த்தும் பயனில்லை. நாலாம் நாள் வெள்ளை ஓரத்தோடு பச்சைப் பூஞ்சை படர்ந்துவிட்டது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்களில் இப்படி வருவது பெரும்பாலும் பென்சிலியம் இனப் பூஞ்சைதான். பாடத்தில் படிக்கும் பெயரைக் கண்ணால் காட்ட ஒரு வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் மூடிய கண்ணாடிப் பாட்டிலில் வைத்துக் காட்டினேன். பூஞ்சை பிடித்ததைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவோ முகர்ந்து பார்க்க விடவோ கூடாது, வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு அந்தத் தூள் ஆகாது. பூஞ்சை பட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தவும் கூடாது.

அதன்பின் இரண்டு மாற்றங்கள் செய்தேன். தோல் வேலையைக் காலாண்டு விடுமுறையை ஒட்டி, மழை தொடங்கும் முன்பே முடித்துவிடுகிறோம். உலர்ந்த தோலை இறுக மூடும் டப்பாவில், அடியில் ஒரு கைப்பிடி வறுத்த அரிசி போட்டு வைத்தால் டிசம்பர்வரை தாங்கும். வில்லைகளுக்கு வெயிலோடு அடுப்பையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு நாள் வெயிலில் பாதி வற்றியதும் வீட்டுக்கு எடுத்துப்போய், தோசைக்கல்லை மிகக் குறைந்த தீயில் வைத்து, அதற்கு நாலு விரல் உயரத்தில் கம்பி வலையை நிறுத்தி, அதில் வில்லைகளை அடுக்கித் திருப்பித் திருப்பி வாட்டினேன். வலைக்கு மேலே கையை நீட்டினால் பொறுக்கிற சூடுதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சர்க்கரை கருகி வில்லை பழுப்பாகிவிடும். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பச்சை வில்லையை முழுக்க அடுப்பிலேயே உலர்த்தப் பார்த்தால் கேஸ்தான் தீரும். வீட்டில் ஓவன் இருப்பவர்கள் 90 முதல் 100 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு மணி நேரம், பாதியில் ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். அடுப்பு வேலை எதையும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட வேண்டாம்.

பழமே வாங்க முடியாத பள்ளிகளுக்கு என் பரிந்துரை வெண்டைக்காய். நாம் காய் என்று சொன்னாலும் தாவரவியல் கணக்கில் அதுவும் கனிதான், விதையைச் சுமக்கிறதே. முற்றி நாராகிப் போன, சமையலுக்கு ஆகாத வெண்டையைக் குறுக்கே நறுக்கினால் பெரும்பாலும் ஐந்து முனை நட்சத்திரம். ஒரே காயில் இருபது நட்சத்திரம் வரும். தண்ணீர் குறைவு, சர்க்கரை இல்லை என்பதால் அரை வெயிலிலும் இரண்டு நாளில் காய்ந்துவிடும், எறும்பும் அண்டாது. எங்கள் சத்துணவுக் கூடத்து அக்கா ஒதுக்கிவைத்த முற்றல் காய்களில் ஒரு வகுப்புக்கே போதுமான நட்சத்திரம் கிடைத்தது. பாகற்காய் வளையத்தின் பல் பல்லான ஓரமும் அழகு. ஆப்பிளைக் குறுக்கே வெட்டினாலும் நடுவில் ஐந்து அறை நட்சத்திரம் தெரியும். வெட்டிய ஆப்பிள் பழுப்பாவது நொதிகளின் வேலை, எலுமிச்சைச் சாற்றில் நனைத்தால் அது மட்டுப்படும். சாத்துக்குடியில் பத்து, வெண்டையில் ஐந்து, அன்னாசிப்பூவில் எட்டு என்று எண்ணவைத்தால் சமச்சீர் கோடுகள் பாடத்துக்கு வேறு படம் வேண்டாம். 360ஐப் பத்தால் வகுத்து 36 பாகை என்று சொல்லிவிட்டு, பழத்தில் கோணமானியை வைத்து, "இல்ல டீச்சர், 31தான் வருது" என்று சண்டை போட்டார்கள். இயற்கை, கணக்குப் புத்தகம் பார்த்து வளர்வதில்லையே.

கோப்பதற்குச் சணல் நூல் போதும். ஒரு வில்லை, இரண்டு தோல் நட்சத்திரம், ஒரு பட்டைத் துண்டு, மூன்று வெண்டை என்று மாற்றி மாற்றிக் கோத்தால் அமைப்பு முறைகளும் வந்துவிடும். எங்கள் பகுதியில் தேவாலயங்களிலும் வீடுகளிலும் கிறிஸ்துமஸ் மரமாக நிற்பது சவுக்குக் கிளைதான். சவுக்கங்காய்களைப் பொறுக்கி வந்து இடையிடையே கட்டினோம். கொடைக்கானல், நீலகிரிப் பள்ளிகளுக்குப் பைன் காய்கள் கிடைக்கும். பிள்ளைகளைக் காய் பொறுக்க அனுப்பும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். குன்றிமணி, ஆமணக்கு விதை, மஞ்சள் அரளிக் காய் மூன்றும் கடும் நஞ்சு. குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் யாரையும் மயக்கும். அதைத் துளையிட்டுக் கோப்பது இன்னும் ஆபத்து, ஓடு உடையாதவரைதான் பாதுகாப்பு. அந்த மூன்றையும் முதலில் படத்தில் காட்டிவிட்டுத்தான் நான் வெளியே அனுப்புகிறேன்.

மேலே வார்னிஷ் பூசாதீர்கள். பளபளக்கும், ஆனால் பிறகு எருக்குழியில் போட முடியாது. உலர்ந்த தோலில் எண்ணெய் இருப்பதால் மெழுகுவர்த்திக்கு அருகில் தொங்கவிடவே கூடாது. நூலின் மேல் முனையில் துளி வேப்பெண்ணெய் தடவினால் எறும்பு இறங்காது.

ஒரு பெற்றோர், "அரசுப் பள்ளியில இது எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் வழிபாடு எதையும் நடத்தவில்லை. வெட்டினோம், எடைபோட்டோம், கோத்தோம். சன்னலுக்கு வந்து பாருங்கள் என்று அழைத்தேன். பிறையும் நட்சத்திரமும் மீனும் மாவிலையும் ஒரே சரத்தில் தொங்கின. பிள்ளைகள் அவரவர் விரும்பியதை வெட்டியிருந்தார்கள். அவர் சிரித்துவிட்டு, வீட்டுக் கதவில் கட்ட ஒரு மாவிலைச் சரம் கேட்டார். பொங்கல்வரை அதை எடுக்கவில்லை என்று பிறகு சொன்னார்.

எடைக் கணக்கு மட்டும் மிச்சம். நறுக்கிய வில்லைகள் 400 கிராம் இருந்தன, உலர்ந்த பின் 66 கிராம். எட்டாம் வகுப்பில் இதையொட்டி ஒரு கணக்குக் கொடுத்தேன். 100 கிராம் வில்லையில் 85 கிராம் நீர். உலர்ந்த பின் அதன் எடையில் 10 விழுக்காடு மட்டுமே நீர் என்றால் எடை எவ்வளவு? பெரும்பாலோர் 15ஐயும் 10ஐயும் கூட்டி 25 என்றார்கள். பத்து விழுக்காடு எதில் பத்து விழுக்காடு என்ற கேள்வியில் அரை மணி நேரம் ஓடியது. மாறாதது 15 கிராம் திடப்பொருள், அது புதிய எடையில் 90 விழுக்காடு, ஆகவே 15ஐ 0.9ஆல் வகுக்க 16.67 கிராம். நானூறுக்குக் கணக்கிட்டால் 66.7. எங்கள் தராசு சொன்னது 66. வகுப்பில் கைதட்டல்.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும் சரத்தை அவிழ்த்து அதே வில்லைகளை மறுபடி நிறுத்தோம். 73 கிராம். விடுமுறையில் பெய்த மழையின் ஈரம் ஏறியிருந்தது. ஓரமாகத் தொங்கிய நான்கு வில்லைகளில் பச்சைப் புள்ளி தெரிந்தது, அவற்றை எருக்குழியில் போட்டோம். எலுமிச்சை வகைத் தோல் மட்கத் தாமதமாகும், சிறிது சிறிதாகக் கிள்ளிப் போட வேண்டும். தோல் நட்சத்திரங்கள் ஒன்றும் கெடவில்லை. டப்பாவில் அடைத்து, மேலே ஆண்டு எழுதி, அலமாரியில் வைத்தோம். முதல் கேள்வியைக் கேட்டவள் தான் வெட்டிய நட்சத்திரத்தை மட்டும் டப்பாவில் போடாமல், அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று நோட்டுக்குள் வைத்து எடுத்துப் போனாள்.